பித்தளைக் கை மாட்டிய கதவு

கதவு முழுக்கத் தூசி. பச்சைச் சாயம் பொரிந்து, கீல்களில் துரு வழிந்து, படியில் போன மழைக்காலத்துச் சருகு அப்படியே மக்கிக் கிடந்தது. ஆனால் கதவைத் தட்டுவதற்கென்று அந்தக் காலத்துத் துரைமார் மாட்டிவைத்த பித்தளைக் கை மட்டும், காலையில்தான் புளி போட்டுத் தேய்த்ததுபோல் பளபளத்தது. மணிக்கட்டோடு முடிந்த ஒரு பெண்ணின் கை அது. விரல்களைத் தளர்த்திக் கீழ்நோக்கித் தொங்கவிட்டிருந்தது. சபியா அதைப் பார்த்ததால்தான் நின்றாள். பார்க்காமல் நடந்திருந்தால் அவள் மகள் கல்யாணம் மற்றக் கல்யாணங்களைப்போல் நடந்து முடிந்திருக்கும்.

அன்று காலையிலிருந்து அவள் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரே மகள் ரம்லாவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை புதுநகரத்துப் பையன். பத்திரிகை அடித்து ஆள் மூலம் அனுப்புகிற பழக்கமெல்லாம் அவர்களிடம் கிடையாது. பெண்ணைப் பெற்றவளே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் சந்தனமும் ஒரு கிண்ணத்தில் சர்க்கரையுமாகப் படி ஏற வேண்டும். வீட்டுக்காரியின் புறங்கையில் சந்தனம் பூசி, வாயில் சர்க்கரை போட்டு, வாயால் கூப்பிட வேண்டும். கல்யாணத்தன்று அண்டா இறங்கியதும் இன்னொரு முறை போய்க் கூப்பிட வேண்டும், அது மறு அழைப்பு. சந்தனம் வாங்கிய கை அன்றைக்குக் கல்யாண வீட்டுக் கை. கொடுத்த சந்தனத்தைத் திரும்ப வாங்க முடியாது. தெருவில் ஒரு கதவையும் விடக்கூடாது. புருஷன் சைனுதீனின் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் ஒரு கதவை மறந்துபோய், தெருவே கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது. சமைத்த நெய்ச்சோறு மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. அந்த அவமானம் சபியாவுக்குக் கனவில்கூட வரும்.

சைனுதீனுக்குப் பாலக்காட்டு வலியங்காடியில் வெல்ல மண்டி. கஞ்சிக்கோட்டுப் பக்கத்துக் குடும்பம். மலபார் கேரளத்தோடு சேர்ந்த வருஷம், கோட்டைக்குப் பின்னால் சட்டைக்காரத் தெருவில் ஒரு வீடு மலிவாக வந்தது என்று வாங்கிக் குடி வந்துவிட்டார்கள். சட்டைக்காரர் என்றால் வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் இந்த ஊர்த் தாய்க்கும் தலைமுறை தலைமுறையாக வந்தவர்கள். வெள்ளைக்காரன் கப்பல் ஏறியதும் அவர்களில் பாதிப்பேர் பின்னாலேயே போய்விட்டார்கள். மீதிப்பேர் வீட்டை விற்றுவிட்டு எங்கெங்கோ சிதறிப் போனார்கள். வீடுகள் மட்டும் போக வழியில்லாமல் நின்றன. முன்பக்கம் உருண்டைத் தூணும் வளைவும் வண்ணக் கண்ணாடியுமாகச் சீமை வீடு. உள்ளே போனால் மழை நேராக விழும் நடுமுற்றமும் ஓட்டுக்கூரையுமாக மலையாள வீடு. சுவரில் சுண்ணாம்போடு சேர்த்துப் பதித்த சீனத்துப் பீங்கான் தட்டு. மாதா சொரூபம் இருந்த மாடத்தில் இப்போது சபியாவின் வீட்டில் குர்ஆன் இருந்தது. தான் எந்த ஊர் என்று அந்த வீட்டைக் கேட்டால் அதற்கே சொல்லத் தெரியாது.

தெரு லாடம் போல வளைந்து திரும்பும். இந்தப் பக்கத்து வீடுகளுக்கும் அந்தப் பக்கத்து வீடுகளுக்கும் பின்சுவர் ஒன்றுதான். மாடியில் ஒரு காலத்தில் மரநடை ஒன்று எல்லா வீட்டையும் கோத்துக்கொண்டு ஓடியதாம். துரைசாணிகள் தெருவில் கால் வைக்காமலே ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போய் வருவார்களாம். இப்போது வீட்டுக்கு வீடு பலகை அடித்து மறித்திருந்தார்கள். குடி வந்ததிலிருந்து சபியா லாடத்தின் அந்தப் பக்கம் போனதில்லை. இன்றுதான் முதல்முறை.

கூட வந்தவள் பாத்து. சைனுதீனின் அண்ணன் மனைவி. வாய்க்காரி, நல்லவள். அவள் முன்னால் போய்க்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"அது பூட்டுன ஊடு சபியா. வா, வெயிலு ஏறுது."

"பூட்டையே காணமேக்கா."

"உள்பக்கம் பூட்டியிருக்கும்."

உள்பக்கம் பூட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்க வேண்டாமா என்று பாத்துவுக்குத் தோன்றவில்லை. சபியாவுக்குத் தோன்றியது. பாத்து அடுத்த படியில் ஏறி, அங்கே ஒருத்தியோடு வெங்காய விலை பேச ஆரம்பித்துவிட்டாள். சபியா துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு பித்தளைக் கையைப் பிடித்துத் தூக்கினாள். அந்தப் பக்கம் முழுக்க நிழல். வெயில் படாத பித்தளை. ஆனாலும் அது இளஞ்சூடாக இருந்தது.

தட்டியதும் உள்ளே எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது. மெதுவாகப் பட்டுத்துணி தரையில் இழுபடும் சத்தம். கிராம்பும் கருகிய சர்க்கரையும் சேர்ந்த ஒரு வாசனை, அதற்கு அடியில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் வரும் ஈரவாடை. கதவின் மேல்பாதியில் சாய்வாக அடுக்கியிருந்த பலகைகள், உள்ளே யாரோ கோலை இழுத்ததும், டக் என்று ஒன்றாகத் திறந்துகொண்டன. இடுக்கில் இருட்டு.

"யாரு?" என்றது ஒரு வயதான பெண்குரல்.

"நாங்க முன்பக்கத்துத் தெருவுலதான் குடியிருக்கறமுங்க. வெல்ல மண்டிக்காரர் ஊடு. வர்ற வெள்ளிக்கெழம என்ற மகளுக்குக் கல்யாணமுங்க. ஊட்டுல இருக்கறவங்க எல்லாரும் வந்து நல்லபடியா நடத்திக் குடுக்கோணும்ங்க."

"கல்யாணமா!" என்றது குரல். எத்தனையோ காலமாக அந்தச் சொல்லைக் கேட்காதவள் கேட்டதுபோல ஒரு சந்தோஷம் அதில் இருந்தது. "எனக்கு எந்திரிச்சு வர முடியாதும்மா. எங்க ஊட்டுலயும் ஒரு பொண்ணு இருக்கா. கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணு."

சபியாவின் மனது இளகிவிட்டது. கல்யாண வீட்டுக்காரிக்கு அந்த நாட்களில் ஊரில் உள்ள எல்லாப் பெண்ணும் தன் பெண்தான்.

"அப்ப அவளயாச்சும் அனுப்பி வைங்க. என்ற மக பக்கத்துல வந்து உக்காரட்டும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"பக்கத்துலயா?"

"பக்கத்துலதானுங்க. கூச்சப்படாம வரச் சொல்லுங்க."

பலகை இடுக்கு வழியாக ஒரு கை வெளியே வந்தது. இளம் கை. வளையல் இல்லை. வெளுப்பு என்றால் துரைசாணி வெளுப்பு இல்லை, தண்ணீரில் ஊறிய வெளுப்பு. சபியா மூன்று விரலில் சந்தனம் எடுத்து அந்தப் புறங்கையில் இழுத்துப் பூசினாள். பூசிய விரல்கள் வழியாகச் சில்லிப்பு முழங்கை வரைக்கும் ஏறியது. சர்க்கரை கொடுக்கக் கிண்ணத்தை எடுப்பதற்குள் கை உள்ளே போய்விட்டது. பலகைகள் மூடிக்கொண்டன.

"எங்கடி நின்னுபோட்ட?" என்று பாத்து திரும்பி வந்தாள். "அங்க யாரயடி கூப்பிட்ட?"

"ஊட்டுல ஆளு இருக்குதக்கா. சந்தனங்கூட வாங்கிக்கிட்டாங்க."

பாத்து கதவைப் பார்த்தாள். சபியாவும் பார்த்தாள். மூடிய பலகைகளின்மேல், ஓரத்திலிருந்து ஓரம் வரை, சிலந்திவலை ஒரு நூல்கூட அறாமல் படிந்திருந்தது. அதில் பழைய தூசி கனத்துத் தொங்கியது. பாத்து சபியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். நடக்கும்போதே அவள் உதடு ஓதிக்கொண்டிருந்தது.

வளைவு வீட்டில் மதலேனம்மாள் இருந்தாள். ஒரு காலத்தில் சட்டைக்காரர் வீடுகளில் சமையல் செய்தவள். இப்போது மகன் ஏலப்பாறை எஸ்டேட்டில் இருந்து அனுப்புவதில் தனியாகக் காலம் தள்ளுகிறாள். சபியா சந்தனம் பூசிவிட்டு, அந்தப் பச்சைக் கதவு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"ரொசாரியோ தொரை வீடா? அது காலிதானேம்மா. எத்தனயோ வருசமாச்சு." மதலேனம்மாள் சந்தனத்தை முகர்ந்துகொண்டே பேசினாள். "அவுக மகளுக்குக் கல்யாணம் வச்சிருந்தாக. சட்டை தச்சாச்சு, கேக்கு சுட்டாச்சு. மாப்பிள கப்பல்ல வர்றவன், வரவே இல்ல. பொறவு ஒரு நாள் விடியக்காலம் காரு வச்சுக் குடும்பத்தோட போயிட்டாக. கார்ல மூணு பேரு ஏறுனாகன்னும் சொல்லுதாக, ரெண்டு பேருதான்னும் சொல்லுதாக. நான் பாக்கல. பாக்காதத நான் சொல்லப்படாது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எதுக்குக் கேக்க?" என்றாள்.

பாத்து முந்திக்கொண்டு, "சும்மாத்தானுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சபியா நேராக மாடிக்குப் போனாள். மாடியறைதான் மணப்பெண்ணுக்கு ஒதுக்கிய அறை. அதன் கோடியில், பழைய மரநடையை மறித்து அடித்த பலகைச் சுவர். இத்தனை நாள் அதற்கு அந்தப் பக்கம் என்ன என்று அவள் யோசித்ததே இல்லை. விரலால் தெருவை மனதில் வளைத்துப் பார்த்தாள். பச்சைக் கதவு வீட்டின் முதுகு இதே இடத்தில்தான் வந்து சேர்ந்தது. அவள் பலகையில் கைவைத்தாள், உடனே எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலையே சைனுதீனிடம் சொன்னாள். அவன் மண்டியிலிருந்து ஈ மொய்க்கும் சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தான்.

"காலி ஊட்டுல போய்க் கல்யாணத்துக்குச் சொல்லிப்போட்டு வந்துட்டியா?" என்று சிரித்தான். "சரி உடு, ஒரு எல மிச்சம்."

"ஏனுங்க, வெளயாடாதீங்க. கை வந்துச்சுங்க. தொட்டுப் பூசுனேன்."

"எவளாச்சும் ஏழைப்பட்டவ ஒண்டியிருப்பா. கல்யாண ஊட்டுல நின்னுக்கிட்டுப் பேயி பிசாசுன்னு பேசுனா நல்லாவா இருக்குது? மாப்பிள ஊட்டுக்காரங்க காதுல உழுந்தா என்ன ஆகும்?"

மாப்பிள்ளை வீட்டுக் காது என்று சொன்னால் எந்தத் தாயின் வாயும் மூடிக்கொள்ளும்.

அதன் பிறகு சபியாவுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அலியார் என்ற தையல்காரர் முன்கூடத்தில் மிஷினைப் போட்டு உட்கார்ந்து கல்யாணத் துணி தைத்தார். பொழுது சாய்ந்ததும் எண்ணெய்ப் புட்டியை மூடி வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போவார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில், பின்சுவருக்கு அந்தப் பக்கம், தையல் மிஷின் ஓட ஆரம்பிக்கும். மிதி பழகாத கால் மிதிப்பதுபோல் தயங்கித் தயங்கி. இவர்கள் மாவு இடித்தால், இடித்து முடித்த பிறகு அங்கே உலக்கை விழும். இவர்கள் வெல்லப்பாகு காய்ச்சினால், அடுப்பணைந்த பிறகு அங்கிருந்து கிராம்பும் கருகிய சர்க்கரையும் மணக்கும். பெண்கள் கூடிக் கல்யாணப் பாட்டுப் பாடிக் கலைந்தால், சுவருக்குப் பின்னால் ஒருத்தி, வார்த்தை தெரியாமல், மெட்டை மட்டும் முனகிப் பழகுவாள். அங்கேயும் ஒரு கல்யாணம் தயாராகிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எலி என்றார்கள், பக்கத்துத் தெரு என்றார்கள். கல்யாண வீட்டு இரைச்சலில் யார் எதைக் கவனிக்கிறார்கள்? சபியா மட்டும் அகப்பையைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பால் பொங்கி அடுப்பில் வழியும்.

அவளுக்குப் பயம். வேறு எதற்கும் இல்லை, ரம்லாவுக்கு. அந்தப் பெண் வந்து ரம்லா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால்? தானே அல்லவா வரச் சொன்னது, கூச்சப்படாமல் வரச் சொன்னது?

வியாழக்கிழமை சாயங்காலம் மருதாணி. அரைத்த இலையின் பச்சை வாசம் வீடு முழுக்க. ரம்லாவின் கைக்குச் சபியாவே வைத்தாள், வேறு யாரையும் தொட விடவில்லை. உள்ளங்கை நடுவில் முழுநிலா, சுற்றிலும் பொட்டு, விரல் நுனிகளுக்குத் தொப்பி. வலது கையில் நிலாவை வட்டமாக இழுத்துக்கொண்டு வந்தபோது, பலகைச் சுவருக்குப் பின்னால் யாரோ நகத்தால் கீறினார்கள். சபியாவின் விரல் துள்ளி, நிலாவிலிருந்து ஒரு கோடு கட்டைவிரல் பக்கம் இழுபட்டுவிட்டது.

"என்னங்கம்மா, நிலாவுக்கு வாலு வெச்சுப்போட்டீங்க!" என்று ரம்லா சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "பரவால்லீங்கம்மா. அந்தப் புள்ளகிட்டக் காட்டோணும்" என்றாள்.

"எந்தப் புள்ள?"

"பின்னாடி ஊட்டுப் புள்ளைங்க. பலகச் சந்து வழியாப் பேசுவா. பாவம், அவளுக்கு மருதாணின்னா என்னன்னே தெரியல. கையக் காட்டு, கையக் காட்டுன்னு கேட்டுக்கிட்டே இருக்கறா. அவ கை சில்லுன்னு இருக்குதுங்கம்மா." மகள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான கூப்பிட்டீங்களாம்?"

சபியா மகளை அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டாள், ஈர மருதாணி ரவிக்கையில் பட்டதையும் பார்க்கவில்லை. பாத்துவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பாத்து இரும்புச் சாமான், ஓதிய தண்ணீர், எலுமிச்சை என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் பலகைச் சுவர் ஓரம் கொண்டுவந்து வைத்தாள். சபியா ரம்லாவைக் கீழே தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க," என்றாள் பாத்து. "நாளைக்கு மறு அழப்பு அந்த ஊட்டுக்குப் போகாத. மறு அழப்பு இல்லாம மானமுள்ளவங்க யாரும் பந்திக்கு வரமாட்டாங்க. அவங்களுக்கும் அது தெரியும்."

சபியா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அண்டா இறங்கியதும் காலையில் வீடு வீடாகப் போனாள். லாடத்தின் அந்தப் பக்கம் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு பச்சைக் கதவைத் தாண்டினாள். கடைக்கண்ணில் ஒரு மினுக்கம். பித்தளை. அவள் நடையை எட்டிப் போட்டாள். யாரும் கூப்பிடவில்லை. எந்தப் பலகையும் திறக்கவில்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து மாப்பிள்ளை ஊர்வலம் கொட்டோடு வந்து சேர்ந்தது. கீழே முழுக்க ஆண்கள் கூட்டம், வேறு வழியில்லாமல் மாடியறையில்தான் ரம்லா, தலையிலிருந்து முழங்கால்வரை சரிகை முக்காடு மூடி, குனிந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் குளிப்பாட்டி உடுத்தியது பாத்து. முக்காடு போட்ட பிறகு மணப்பெண் நிமிரவும் கூடாது, பேசவும் கூடாது, முகம் காட்டவும் கூடாது. அது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களை எதிர்கொண்டு பன்னீர் தெளிக்கச் சபியா கீழே போனாள். பூ வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டதும் பாத்துவும் போனாள். வாங்கிக்கொண்டு உடனே வந்துவிட்டாள். உடனே என்றுதான் பிறகு எல்லோரிடமும் சத்தியம் செய்தாள்.

சம்மதம் கேட்க, பெண் சார்பில் பேசும் வக்கீலாகப் பாத்துவின் புருஷனான பெரியத்தாவும் இரண்டு சாட்சிகளும் அறை வாசலில் வந்து நின்றார்கள். "புதுநகரத்து மூசா ராவுத்தர் மகனுக்கு உன்னய நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமா கண்ணு?" பெண்கள் மூச்சுப் பிடித்தார்கள். முக்காடு மெல்லக் கீழே அசைந்தது. வெட்கப்பட்ட மௌனம். அதுதான் சம்மதம். கீழே ஓதி முடித்து, துஆ கேட்டு, ஆமீன் என்ற சத்தம் முற்றத்தில் எழுந்தபோது சபியா துப்பட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிந்தது. யாரும் வரவில்லை. எந்தப் பெண்ணும் வந்து பக்கத்தில் உட்காரவில்லை. அல்லாஹ் காப்பாற்றிவிட்டான். கல்யாணம் முடிந்த பெண்ணை இனி ஒன்றும் செய்யாது.

கீழே பந்தி விரித்தார்கள். பெண்கள் எல்லோரும் இறங்கிப் போனார்கள். சபியா பாலும் பழமும் ஒரு கிண்ணத்தில் பிசைந்து எடுத்துக்கொண்டு மகளிடம் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு வாய் சாப்பிடு கண்ணு. வெடியால இருந்து பட்டினி."

முக்காடு அசையவில்லை.

அறையில் மல்லிகை மணந்தது. பன்னீர் மணந்தது. அவற்றுக்கு நடுவே வேறு ஒன்று. சபியா மூக்கைச் சுளித்தாள். கிராம்பு. கருகிய சர்க்கரை. அடியில், ஈரம்.

அவள் பலகைச் சுவரைப் பார்த்தாள். எலுமிச்சை வைத்த இடத்தில் இருந்தது. இரும்புச் சாமானும் இருந்தது. அவற்றுக்கு மேலே ஒரு பலகை, ஆணி கழன்று, கதவு போல ஒருக்களித்து நின்றது.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சத்தமில்லாமல். முக்காட்டுக்கு அடியில் கையை விட்டு, மகள் கையைத் தேடினாள்.

கிடைத்தது.

சில்லென்று இருந்தது.

வெளிச்சத்துக்கு இழுத்தாள். உள்ளங்கை வெறுமை. நிலா இல்லை. பொட்டு இல்லை. தண்ணீரில் ஊறிய வெளுப்பு. அவள் அந்தக் கையைப் புரட்டினாள். புரட்டாமல் இருந்திருக்கலாம். புறங்கையில் சந்தனம். காய்ந்து, வெடித்து. மூன்று விரல் இழுத்த தடம்.

அவளுடைய விரல்கள்.

"நீங்க சொன்ன மாதிரியே," என்றது முக்காட்டுக்குள் ஒரு குரல், பணிவாக, புதிதாகப் பழகிய தமிழில். "பக்கத்துலதான் உக்காந்தேனுங்கம்மா."

சபியா எழுந்தாள். படியில் விழுந்து எழுந்தாள். பந்தி நடுவே ஓடினாள். நெய்ச்சோற்றுத் தட்டோடு யாரோ ஒதுங்கினார்கள். சைனுதீன் ஏதோ கேட்டான். பாத்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தெரு. வெயில். துப்பட்டி எங்கோ நழுவி விழுந்தது. வாழ்நாளில் வெறும் தலையோடு அவள் வாசல் தாண்டியதில்லை. லாடத்தின் வளைவு. மதலேனம்மாள் வீட்டுக் கதவு. அடுத்த கதவு. அதற்கடுத்த கதவு.

பச்சை.

தூசி. சருகு. சிலந்திவலை, ஒரு நூல்கூட அறாமல்.

"ரம்லா!" என்று பித்தளைக் கையைப் பிடித்து இடித்தாள். "ரம்லா! கண்ணு!"

நாற்காலி நகரவில்லை. பட்டுத்துணி இழுபடவில்லை. உள்ளே, ரொம்ப உள்ளே, ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அழுகையா, கல்யாணப் பாட்டின் மெட்டா. தெரியவில்லை.

டக்.

பலகைகள் திறந்தன. இடுக்கு வழியாக ஒரு கை வெளியே வந்தது. சிவந்த கை. விரல் நுனிகளில் தொப்பி. உள்ளங்கையில் நிலா. நிலாவிலிருந்து கட்டைவிரல் பக்கம் இழுபட்ட வால்.

சபியா இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டாள். இன்னும் சூடு இருந்தது. இழுத்தாள். அந்தப் பக்கமும் யாரோ பிடித்திருந்தார்கள், அவசரமில்லாமல், உரிமையோடு. சூடு விரலிலிருந்து இறங்கியது. மணிக்கட்டுக்கு. அப்புறம் மணிக்கட்டிலும் இல்லை.

"என்ற புள்ளயக் குடுத்துருங்க," என்று அவள் கதறினாள். "நான் மரியாதைக்குச் சொன்னதுங்க... மரியாதைக்குத்தானுங்க சொன்னேன்..."

இருட்டுக்குள்ளிருந்து அந்த வயதான குரல் வந்தது. அதே சந்தோஷம்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

லாடத்தின் தன் வீட்டுப் பக்கம் கொட்டு உச்சத்துக்கு ஏறியது. முக்காடு போட்ட பெண்ணைக் காரில் ஏற்றுகிறார்கள். கதவு சாத்தும் சத்தம். வண்டி புறப்படும் சத்தம். புதுநகரத்து ரோடு பக்கம் அது தேய்ந்து தேய்ந்து போயிற்று.

பலகைகள் மெல்ல மூடிக்கொண்டன. சிலந்திவலை அதன்மேல் ஆடாமல் இருந்தது. மருதாணி வைத்த கை மட்டும் உள்ளே போகவில்லை. மணிக்கட்டோடு வெளியே நின்று, விரல்களைத் தளர்த்தி, பித்தளைக் கைக்குப் பக்கத்தில் அதேமாதிரி கீழ்நோக்கித் தொங்கியது.